காலி இடம்

கேட்டிலிருந்து இந்த அறைக்கு வரும்போது நீங்கள் நடைபாதையிலேயே வந்தீர்கள், மேடம். குறுக்கே புல்லில் இறங்கியிருந்தால் பாதி தூரம் மிச்சமாகியிருக்கும். அப்படியும் சுற்றிக்கொண்டுதான் வந்தீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட ஒருவரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று அப்போதே தோன்றிவிட்டது.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய பூங்கா இருந்தும் ஏன் ஒரு ஈ காக்காகூட வருவதில்லை என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்களை வரவைப்பது என் சகலையின் வேலை. அவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பூங்காவை மூடிவிட்டுக் கார் நிறுத்த அடுக்குமாடி கட்டுவார்கள். நாளைக்கு அவரை விசாரிக்கப் போகிறீர்களாம். அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாகவே தெரியாது.

நான் தோட்டப் பிரிவின் கண்காணிப்பாளர். புல், செடி, மரம், பெஞ்சு, ஊஞ்சல் எல்லாம் என் பொறுப்பு. சகலை நிகழ்ச்சிப் பிரிவு. அதாவது மனிதர்கள் அவர் பொறுப்பு. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். முன்பு இரண்டும் தனித்தனி அலுவலகமாக இருந்தன. ஊரின் ஒரு கோடியில் அவர், இங்கே நான், நடுவில் நிம்மதி. ஒரு கமிஷனருக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து இரண்டையும் சேர்த்தார். ‘பூங்கா மற்றும் பொழுதுபோக்கு’ என்று புது போர்டு மாட்டினார்கள். பூங்கா என்றால் போதாதா, அதில் பொழுது வேறு போக வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டேன்.

சகலையை எல்லோரும் விசில் சார் என்பார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். மாமனார் வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மாட்டார். எல்லோரும் சாப்பிட உட்கார வேண்டுமென்றால் ஒரு ஊது ஊதுவார். மாமனார் கைதட்டிச் சிரிப்பார். என்னைப் பார்த்தால் அவர் “வாங்க” என்பார். கிளம்பும்போது “சரி” என்பார். இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பின்னணி தெரியட்டும் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் புல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இங்கே வந்தபோது அது இடித்த கட்டடங்களின் குப்பையைக் கொட்டும் பொட்டல். செங்கல் துண்டு, கண்ணாடிச் சில், துருப்பிடித்த கம்பி எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்து, வண்டி வண்டியாக மண் அடித்து, வேர் வேராக நட்டு வளர்த்தேன். முதல் மழை விட்ட மறுநாள் காலையில் அது ஒரே பச்சையாக எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓரமாக நின்று அழுதேன். உள்ளே இறங்கவில்லை.

சகலை வந்ததும் முதல் வேலையாக அங்கே கயிறு இழுக்கும் போட்டி வைத்தார். நகரத்து அலுவலகங்கள் எல்லாம் கலந்துகொண்டன. மற்றவர்கள் இழுப்பவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். நான் குதிகாலைப் பார்த்தேன். மின்சார அலுவலகத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் நல்ல தாட்டியான ஆள். குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, என் புல்லைக் கிழித்துக்கொண்டே போனார்கள். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் சமமாகக் கிழித்தார்கள். எல்லாம் முடிந்து சகலை வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“என்ன சகல, கூட்டத்தைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? புல்லுதானே, வளந்துடும்.”

அந்த ஒரு வார்த்தைதான், மேடம். அவருக்கு முன்மண்டையில் தொடங்கி உச்சிவரை வழுக்கை. போனது எல்லாம் வளர்ந்துவிடாது என்பது அவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

நான் சண்டை போடுகிற ஆள் இல்லை. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை, குரலை உயர்த்திப் பேசியதும் இல்லை. என் அதிகாரத்துக்கு உட்பட்டு என்ன செய்ய முடியும் என்று மட்டும் யோசித்தேன். ஸ்பிரிங்க்ளர் எப்போது திறக்க வேண்டும் என்பது என் அதிகாரம். காலையில் புல்வெளியில் சகலை ஒரு சிரிப்புப் பயிற்சி நடத்திவந்தார். எல்லோரும் வட்டமாக நின்று, கையை மேலே தூக்கி, ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். டாக்டர் சொல்லி வருகிறவர்கள் பாதி, வீட்டில் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள் மீதி. அவர்கள் கையைத் தூக்கிய சமயம் பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

இது என் கணக்குத் தப்பிய இடம், ஒத்துக்கொள்கிறேன். ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஓடவில்லை. அன்றுவரை அவர்கள் சிரித்தது எல்லாம் பயிற்சிச் சிரிப்பு. தண்ணீர் பட்டதும் நிஜமாகவே சிரித்துவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். அந்த வட்டத்தில் என் மனைவியும் நின்றாள். அவள் அக்கா இழுத்து வந்திருக்க வேண்டும். தலையெல்லாம் நனைந்து, வாயைப் பொத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் வரிசை நன்றாக இருந்தது.

அன்று அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். ஈரக் காலோடு கூடத்தின் நடுவிலேயே நடந்து அடுக்களைக்குப் போனாள். எங்கள் வீட்டில் தரை துடைத்தால் காயும்வரை சுவரோரமாகத்தான் நடக்க வேண்டும். அது நான் வைத்த பழக்கம். “தரையைப் பாரு” என்றேன். பார்த்தாள். பாட்டை நிறுத்திவிட்டுத் துணியை எடுத்துவந்து துடைத்தாள். சொன்னால் கேட்டுக்கொள்கிற சுபாவம் அவளுக்கு.

மறுநாள் மாற்றுத் துணியோடு இரண்டு மடங்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆக, தண்ணீர் உதவாது என்று தெரிந்தது.

பிறகு எரு. புல்லுக்கு எரு போடுவது குற்றமில்லை, எந்த விதியிலும் அப்படி இல்லை. எந்த நாளில் போடுவது என்பது மட்டும் என் முடிவு. சகலை பாட்டு நிகழ்ச்சி வைக்கிற நாளாகப் பார்த்துக் கோழி எருவை நனைத்துப் பரப்பச் செய்தேன். பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போக மூச்சை இழுத்தார். இழுத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தது. மண்வளத்தில் அக்கறை காட்டுகிறேன் என்று மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

பெஞ்சுகளுக்கு அடிக்கடி பெயிண்ட் அடித்தேன். அதாவது ஒருமுறை அடித்தேன், ‘பெயிண்ட் ஈரம்’ என்ற அட்டையை மட்டும் எடுக்கவில்லை. எந்த மனிதனும் விரலை வைத்துப் பார்ப்பதில்லை என்பது ஆச்சரியமாக இருந்தது. படித்ததை அப்படியே நம்பிவிடுகிறார்கள். உட்கார இடமில்லாமல் வயதானவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஊஞ்சல்களைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றினேன். பழுது எதுவும் இல்லை. அவற்றை நான் குப்பையில் போட்டுவிட்டதாக யாரும் சொல்லக்கூடாது. பின்னால் ஸ்டோர் ரூமில், சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க விட்டத்திலேயே வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். நானே எண்ணெய் போட்டேன். அந்த ஊஞ்சல்கள் வெளியில் இருந்தபோதுகூட அவ்வளவு நல்ல நிலையில் இருந்ததில்லை. குழந்தைகள் வெறும் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

மிச்சமிருந்தவர்களுக்காகத்தான் அந்த வேலி. பாம்பு வதந்தியை நான் பரப்பினேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது தவறு. பாம்பு என்ற சொல்லை நான் வாயால் சொன்னதே இல்லை. புல்வெளியின் மூலையில் ஒரு புதரைச் சுற்றி வேலி போட்டேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

“வேலி எதுக்குன்னு யாராவது கேட்டா ஒண்ணும் சொல்லாதே.”

“ஏன் சார், அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. நீ பூட்ஸ் போட்டுக்க.”

அவ்வளவுதான் நடந்தது. ஒரு தொழிலாளியைப் பூட்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்வது அவன் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அன்று சாயங்காலம் டீக்கடையில் அது ஒரு பாம்பாகிவிட்டது. மறுநாள் நல்ல பாம்பு. வாரம் முடிவதற்குள் குட்டி போட்டிருந்தது. நல்ல பாம்பு முட்டைதான் இடும் என்று திருத்தலாமா என்று யோசித்தேன். அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுவது எனக்குப் பிடிக்காது, விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பூங்கா அழகாகிவிட்டது, மேடம். காலையில் நான் ஜன்னலைத் திறந்தால் ஒரு சத்தமில்லை. பனித்துளி வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தது. புல் ஒரே உயரம், ஒரே நிறம். நடுவில் சகலை மட்டும் நின்றுகொண்டிருப்பார். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்கு வந்து விசிலை ஊதுவார். சுற்றிப் பார்ப்பார். பிறகு தனியாகக் கையைத் தூக்கிச் சிரிப்பார். ஒரு மனிதர் தன்னந்தனியாகச் சிரிப்புப் பயிற்சி செய்வதைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஒருநாள் அவரே என் அறைக்கு வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

“சகல, எங்க தப்பு பண்றேன்னே தெரியல. நேத்து வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?”

“மைக் சத்தம் கொஞ்சம் அதிகமோ என்னவோ.”

“அப்படியா சொல்றீங்க?” என்றார். மறுநாளிலிருந்து மைக்கை விட்டுவிட்டார். அப்படியும் ஆள் வரவில்லை, எப்படி வரும்? மறுபடி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“ஒருவேளை விசில்தான் பிடிக்கலையோ, சகல?”

“எடுத்துத்தான் பாருங்களேன்” என்றேன்.

எடுத்துவிட்டார். மறுநாள் வெறும் கழுத்தோடு நின்றார். நாடா கிடந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்திருந்தது. கூட்டத்தைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் கை தானாக மார்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் எவ்வளவு சொல்பேச்சுக் கேட்பவர் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர் மேல் நடவடிக்கை எடுப்பது நியாயமில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து இன்ஜினியர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு ஆவலாக யாருக்காகவும் காத்திருந்ததில்லை. புல்லை வரி வரியாக வெட்டவைத்தேன். ஓரங்களை நானே மண்டிபோட்டுக் கத்தரியால் சரிசெய்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு சருகு இல்லை, ஒரு காலடி இல்லை. அவர் கண் விரிந்தது.

“அடேயப்பா” என்றார். “ஊருக்கு நடுவுல இவ்வளவு பெரிய காலி இடமா? இதை ஏன் சார் இத்தனை நாளா சும்மா போட்டு வச்சிருக்கீங்க?”

கூட வந்தவர் டேப்பைப் பிரித்துக்கொண்டு நேராகப் புல்லில் இறங்கிவிட்டார். பூட்ஸோடு. எனக்குப் பாராட்டு பிடிக்கும் என்பதில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவர் வேறு எந்த இடத்தைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம்.

ஆள் வராத பூங்காவை வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியாது. மனிதர்கள் சம்பந்தப்பட்ட விதிகளை நான் படிப்பதில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு ஏற்பாடு தொடங்கியது. ஆள் வராததற்கு விளக்கம் கேட்டுச் சகலைக்கு நோட்டீஸ் வந்தது. அன்று மத்தியானம் என் மனைவி இங்கே வந்தாள். அவள் ஆபீஸுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

நான் இந்த அறையில் இல்லை. என்னைத் தேடிப் பின்னால் போயிருக்கிறாள். நான் ஸ்டோர் ரூமில் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏணியில் நின்றிருந்தேன். அவள் வாசலில் நின்று வரிசையாகத் தொங்கிய ஊஞ்சல்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றில் போய் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி, மெதுவாக ஒரு ஆட்டம் ஆடினாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவ்வளவு நன்றாக எண்ணெய் போட்டிருந்தேன்.

“அது பொதுச் சொத்து” என்றேன்.

எழுந்துகொண்டாள். “எல்லாம் நீங்கதானா?” என்றாள்.

“புல்லுக்காக.”

“பாம்பு?”

“நான் பாம்புன்னு சொல்லவே இல்ல.”

“மாமாவுக்கு வேலை போகப் போகுது. அக்கா அழுதுட்டு இருக்கா.” ஆடிய ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினாள். “நான் காலையில அங்க வந்து சிரிச்சது உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். ஜன்னல்லேருந்து பாத்தேன்.”

“பாத்துமா?”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் இதமாகப் பேச முயன்றேன். “நீ நின்ன இடத்துல புல்லுக்கு ஒண்ணும் ஆகல. நீ லேசா நிப்பே” என்றேன். மனதாரச் சொன்ன பாராட்டு அது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவளிடம் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், நடைபாதையைச் சீண்டாமல், புல்வெளியின் நடுவே நேராக நடந்து கேட்டுக்குப் போனாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து நடந்தாள். கோபத்தில் இருந்தாள் போலிருக்கிறது. அந்தத் தடம் எழ நாளானது. அன்றிலிருந்து அவள் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. ஊஞ்சல்களைத் திரும்ப மாட்டினேன். பெயிண்ட் அட்டைகளை எடுத்தேன். வேலியைப் பிடுங்கினேன். ஒருவரும் வரவில்லை. டீக்கடைக்கே போய் நின்று சொன்னேன், “அங்க பாம்பே இல்லீங்க” என்று. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பக்கத்திலிருந்தவரிடம், “ஆபீசரே வந்து இல்லைன்னு சொல்றாருன்னா நாலஞ்சாவது இருக்கும்” என்றார். வாட்ச்மேனைப் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டான். அவனும் நம்ப ஆரம்பித்துவிட்டான், பாவம்.

அதனால்தான் உங்களிடம் இதையெல்லாம் சொல்கிறேன். மனசாட்சி உறுத்தியது, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத வேண்டாம். நன்றாகத் தூங்குகிறேன். நான் யோசித்துப் பார்த்தேன். மிதிபட்ட புல் கொஞ்ச நாளில் எழுந்துகொள்ளும். சிமென்ட் போட்டால் எழாது. இந்த ஊரில் ஆட்களைத் திரும்பக் கூட்டிவரக்கூடியவர் சகலை ஒருவர்தான், அதற்கு அவர் வேலையில் இருக்க வேண்டும். பூங்கா தானாகக் காலியாகவில்லை, ஒரு ஆள் காலி செய்தான் என்று தெரிந்தால் அந்த விதி செல்லாது. கயிறு இழுக்கட்டும். ஓரமாக இழுக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். எருவும் நான், பெயிண்டும் நான், ஊஞ்சலும் நான், வேலியும் நான். மைக்கையும் விசிலையும் எடுக்கவைத்ததும் நான்தான். பாம்பு கிடையாது. அறிவிப்பை உங்கள் கையெழுத்தோடு கேட்டில் ஒட்டுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். வேலை போகும் என்று தெரியும். புதிதாக வருகிறவரிடம் ஸ்பிரிங்க்ளரை வெயில் ஏறுவதற்கு முன் திறக்கச் சொல்லுங்கள்.

மனைவி போனதற்கும் நான் இதைச் சொல்வதற்கும் சம்பந்தமில்லை. அதையும் எழுதிவிடுங்கள். அவள் அக்கா வீட்டில் தினமும் சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கிறதாம், வாட்ச்மேன் சொன்னான். சிரிக்கட்டும். வீட்டைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டியதில்லை என்று யாராவது போய்ச் சொன்னால் நல்லது. தரையை ஒருமுறை துடைத்தேன், இன்னும் துடைத்தபடியே இருக்கிறது. நானும் சுவரோரமாகத்தான் நடக்கிறேன். கூடத்தில் ஒரு கறை இல்லை, ஒரு காலடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. வீட்டை இவ்வளவு நன்றாக நான் வைத்துக்கொண்டதே இல்லை, மேடம். முடிந்தால் ஒருநாள் வந்து பாருங்கள். அந்த இன்ஜினியரை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.